இந்து வீடு

சித்தி மாரியாத்தாள் குளிப்பாட்டிய உடம்பை மடியில் சாய்த்து, ஈரமுடியை இரண்டாகப் பிரித்தாள்.

“ஏட்டி, ரெட்டச் சடை வேண்டாம்னு சொல்லு” என்றாள் வெள்ளைத்தாயின் பக்கத்தில் நின்ற அக்கா இருளாயி.

சித்தி மடியில் கிடப்பவளும் அக்காதான். பதினேழு வயதில் மஞ்சள் காமாலையில் போனவள், விடிந்ததிலிருந்து தங்கச்சியின் தோளை ஒட்டியே நிற்கிறாள். மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைத்தாய்க்குப் பயம் வரவில்லை. இப்படியே நின்றால் போதும் என்றிருந்தது.

“ஒத்தச் சடையாப் போடுங்க சித்தி. அவளுக்கு அதான் பிடிக்கும்.”

பள்ளிக்கூடத்தில் அக்காவை ‘இருட்டு’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அதனால் ராஜபாளையத்தில் டைப்ரைட்டிங் சேர்ந்தபோது இந்து என்று பேர் கொடுத்தாள். அய்யா ஆலங்குளம் சிமெண்ட் ஃபாக்டரியில் ஆபீசர் என்றும் சொல்லிவைத்தாள். அங்கே அவளை விட்டுவிட்டு யாரும் சேமியா ஐஸ் தின்னப் போனதில்லை.

“அவளுக வருவாளுக. அய்யாவச் சட்டை போடச் சொல்லுட்டி.”

மில்லில் பஞ்சுப்பொதி தூக்கும் அய்யா, வெறும் உடம்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாய் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை.

“போச்சு” என்றாள் அக்கா.

மத்தியானம் டைப்ரைட்டிங் வகுப்புப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். தெருமுனையில் இந்து வீட்டை விசாரித்திருக்கிறார்கள். “அப்படி யாரும் இல்லையே தாயி. எளவு விழுந்தது இருளாயி வீட்டுலல்லா” என்று யாரோ கைகாட்டி அனுப்பியிருந்தார்கள். அம்மா வேறு, “எந்தங்கம் இருளாயி” என்று மாரில் அடித்து அழுதாள். வந்தவர்களில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள்.

“செத்தேன்” என்று அக்கா வெள்ளைத்தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

முன்னால் வந்தவள் பிரியா. அவள் குத்தும் கிளிப்பைத்தான் வகுப்பே குத்தும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மாலையைப் போட்டுவிட்டு வெகுநேரம் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளைத்தாயிடம் வந்து கையைப் பிடித்தாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றாள் மெதுவாக. “எம்பேரு பிச்சையம்மா. பிரியாங்கிறது நானா வச்சுக்கிட்டது.”

அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வெளியிடங்களில் கையால் பொத்தி அடக்கும் சிரிப்பு அல்ல. வீட்டில் மட்டும் சிரிக்கும், மூக்கால் உறுமும் சிரிப்பு. வெள்ளைத்தாய்க்கும் தொற்றிக்கொண்டது. சித்தி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

சாயங்காலம் கொட்டுச் சத்தத்தோடு பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். வெள்ளைத்தாய் அந்த நாலு பேரையும் பஸ் ஏற்றக் கூட்டிப் போனாள். ராஜபாளையம் வண்டி வந்ததும் அவர்களுக்குப் பின்னால் அக்காவும் ஏறினாள்.

“நீ எங்கக்கா போற?”

“செத்த நேரம்ட்டி. வந்திருதேன்.”

ஜன்னலோரம் பிரியா உட்கார்ந்தாள். பக்கத்தில் அக்கா. இந்தப் பக்கம் திரும்புவாள் என்று வெள்ளைத்தாய் கையைத் தூக்கி வைத்திருந்தாள். அக்கா பிரியாவிடம் எதையோ சொல்லிக்கொண்டே இருக்க, வண்டி கிளம்பிப் போனது.

எதிர்ப்பக்கம் ராஜபாளையத்திலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. கடைசி ஆள் இறங்கும்வரை வெள்ளைத்தாய் பார்த்தாள். பிறகு சாலையைக் கடந்து, அந்த நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள்.