தோசைக்கல் முகமுள்ள சமாதானம்

வேப்பங்கண்டிகையின் சமாதானச் சிலை முதன்முதலாகப் பீடத்தை விட்டு இறங்கி நடந்தது ஒரு புதன்கிழமை காலை, சிலிண்டர் வண்டி வருகிற நேரத்தில். நேராகக் குப்புராஜ் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றது. குப்புராஜின் மனைவி சிலிண்டர்காரர்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, காலி சிலிண்டரை உள்ளேயிருந்தபடியே வெளியில் உருட்டிவிட்டார். வந்தவர் அதை எடுக்கவில்லை என்றதும்தான் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இன்னாங்க, சிலை வந்துகீது. உங்களத்தான் பாக்க வந்துகீது போல, சட்டைய போட்டுக்கினு வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு சிலிண்டர் விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச்சு.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. இரண்டே தெரு, சபைத் தெருவும் மேட்டுத் தெருவும். இரண்டிலும் இருப்பவர்கள் ஒரே சனம்தான். ஒரு காலத்தில் ஒரே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இன்று கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். வயல் இருந்தவரை ஏரித் தண்ணீருக்காகச் சண்டை போட்டார்கள். வயல் போனதும் சண்டைக்குக் காரணமில்லாமல் கொஞ்ச காலம் தவித்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்கக் கம்பெனி பஸ் வந்தது. பஸ் எந்தத் தெரு முனையில் நிற்க வேண்டும் என்று ஆரம்பித்த பேச்சு, கைகலப்பாகி, மண்டை உடைந்து, கடைசியில் பஸ்ஸின் முன்கண்ணாடியும் உடைந்தது. அதற்குப் பிறகு ஓட்டுநர் இரண்டு தெருவுக்கும் பொதுவாக, நிழலே இல்லாத ஓரிடத்தில் நிறுத்த ஆரம்பித்தார். இரண்டு தெருவும் சேர்ந்து வெயிலில் நின்றன, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

சபைத் தெருவுக்கு முன்னால் நின்று சண்டை போட்டவர் சாலமோன். கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த ரோஷம். மேட்டுத் தெருவுக்கு எபினேசர். அதே கம்பெனியில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். பாய்லருக்குக் கூட ஆவியை வெளியே விட ஒரு வால்வு உண்டு, எபினேசருக்கு இல்லை என்பார்கள். இதில் பாவப்பட்டவர் மேரி. சாலமோனின் மனைவி, எபினேசரின் உடன்பிறந்த தங்கை. "அவன் ஊட்டு வாசப்படிய இனிமே நான் மிதிச்சா என்ன செருப்பால அடி. நீயும் மிதிக்கக் கூடாது" என்று சாலமோன் சொன்னார். அங்கே எபினேசரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ரோஷக்காரர்களுக்கு வசனம் புதிதாக எழுத வராது. இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் குக்கர் விசில் கேட்கிற தூரம்தான். அண்ணன் வீட்டில் எப்போது பருப்பு வேகிறது, எப்போது கறி வேகிறது என்பது விசிலை வைத்தே மேரிக்குத் தெரியும். அண்ணன் முகத்தைத்தான் கிட்டத்தில் பார்க்க முடியாது. இப்போது மேரியின் மகள் பிரின்சிக்கு ஆரணியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் தன் பெண் எப்படிக் கல்யாண மேடை ஏறுவாள் என்பதுதான் மேரியின் கவலை. புருஷனிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

கண்ணாடி உடைந்து சில வருஷம் ஆன பிறகு, ஊரில் அமைதி வர ஏதாவது செய்ய வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் யோசித்து, பழவேற்காட்டிலிருந்து சிஃபா என்ற சிற்பியை வரவழைத்தார்கள். வியாபாரக் குடும்பத்துப் பெண், சென்னையில் சிற்பம் படித்தவர், வெல்டிங் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டபடியே டீ குடிப்பவர். அவர் இரண்டு தெருவையும் கூட்டி, "சிலைய நான் செய்யல, நீங்கதான் செய்யப் போறீங்க. வீட்டுக்கு ஒரு இரும்பு சாமான் கொண்டாங்க. அத்தனையும் ஒண்ணா ஒட்ட வெச்சா அதுதான் சமாதானம்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இரும்பைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கத்தியைக் கேட்டால் கூடத் தரையில் வைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சமாதானத்துக்கு இரும்பு கேட்கிறாரே இந்தப் பெண் என்று யோசித்தார்கள். தன் வீட்டு இரும்பைக் கொடுத்தால்தானே தன் வீட்டுக்குச் சண்டை வரும், அடுத்தவன் வீட்டு இரும்பைக் கொடுத்தால் வராது என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, யாருக்கும் சொல்லாமல், ஒரே முடிவுக்கு வந்தார்கள். சண்டைக்கு முன்னால் இரவல் வாங்கி, பேச்சு நின்றதால் திருப்பிக் கொடுக்காமல் விட்ட சாமான்கள் ஊர் முழுக்கக் கிடந்தன. அவையெல்லாம் சிஃபாவின் முன்னால் குவிந்தன.

சாலமோன் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து போட்டார். கக்கூஸ் குழி தோண்ட எபினேசரிடம் இரவல் வாங்கியது. எபினேசர் ஒரு தோசைக்கல்லைக் கொண்டுவந்து போட்டார். அவர் மனைவி மோனிகாவின் கல் விரிசல் விட்டபோது மேரி கொடுத்து அனுப்பியது அது. மேரி கல்யாணத்துக்கு முன்பே பழக்கி வைத்த கல். அது போனதிலிருந்து சாலமோன் வீட்டில் நான்ஸ்டிக் தவாவில்தான் தோசை. இன்னா தோசை இது, அட்ட மாதிரி கீது என்று அவர் அத்தனை வருஷமும் முணுமுணுத்துக்கொண்டே தின்றார். காரணம் தெரியும், கேட்கத்தான் வாய் வரவில்லை.

சிஃபா கடப்பாரையை முதுகெலும்பாக வைத்தார், தோசைக்கல்லை முகமாக வைத்தார். கண், மூக்கு எதுவும் வைக்கவில்லை. பார்க்கிறவர் தன் முகத்தை அதில் போட்டுக்கொள்ளட்டும் என்றார். திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. கலையின் முன்னால் மக்கள் மௌனமாகிவிட்டார்கள் என்று கம்பெனி அதிகாரி மைக்கில் நெகிழ்ந்தார். உண்மையில் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாமானை அடையாளம் கண்டுகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்க வழியில்லை. திறந்தால், பக்கத்தில் ஒட்டியிருக்கிற இன்னொருவன் சாமான் எப்படி வந்தது என்ற கேள்வியும் வரும்.

அந்த நிலையில்தான் சிலை நடக்க ஆரம்பித்தது. அதன் வலது கால் குப்புராஜின் தண்ணீர்க் குழாய். மேட்டுத் தெரு பீட்டர் இரவல் வாங்கிப் போனது. சிலை குப்புராஜ் வாசலை விட்டு நகராமல் நின்றது. பீட்டர் வந்து, "நாந்தாம்பா குட்த்தேன், தப்புதான்" என்று தலையைச் சொறிந்து, குப்புராஜும் "சரி போ, கால் வெச்சிகீது, இருந்துட்டுப் போவட்டும்" என்ற பிறகுதான் அது பீடத்துக்குத் திரும்பியது. அடுத்த வாரம் இன்னொரு வீடு. அப்படியே மாதங்கள் போயின. காலையில் கதவைத் திறந்து சிலை நின்றால், மனிதர்கள் பல் தேய்த்துவிட்டு, யார் இரவல் வாங்கினார்கள் என்று யோசித்துப் போய்க் கூட்டி வந்தார்கள். வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது அழகில்லை என்பதால் டீயும் கொடுத்தார்கள். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வசந்தகுமார் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சிலை நடப்பதை அல்ல. ஹெல்மெட் இல்லாமல் நடப்பதை. மணவாள நகரிலிருந்து தினமும் வந்துபோகும் அந்த மனிதர் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் பளபளக்கும் ஜாக்கெட்டும் கொண்டுவந்து தன் கையாலேயே சிலைக்கு மாட்டிவிட்டார். இன்றுவரை அந்தச் சாலையில் விதிப்படி போகிற ஒரே ஆள் அதுதான்.

எல்லாக் கணக்கும் தீர்ந்து, முகமும் முதுகும் மட்டும் பாக்கியிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, முதல் ஷிப்டு பஸ் வருகிற சமயத்தில் சிலை இறங்கியது. முகம் மேரி வீட்டுப் பக்கம் இழுத்தது, முதுகு எபினேசர் வீட்டுப் பக்கம் இழுத்தது. நடுச் சாலையில் வந்து, வில்லாக வளைந்து, அப்படியே நின்றுவிட்டது. பஸ் ஹாரன் அடித்துப் பார்த்தது. வசந்தகுமார் கிரேன் வரவழைத்தார். கிரேனின் பின்சக்கரம்தான் மேலே எழும்பியது. சிஃபாவுக்குப் போன் போட்டார்கள். அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தோசைக்கல் யாருது, கடப்பாரை யாருது?" என்று கேட்டார். "கல்லு மேரியோடது, கடப்பாரை எபினேசரோடது" என்றார் கூட்டத்தில் யாரோ. இரண்டு தெருவும் ஒரே சமயத்தில் சாலமோனையும் எபினேசரையும் திரும்பிப் பார்த்தன.

"ரெண்டு பொருளோட ஆளும் ஒரே எடத்துல இருந்தா, அது அங்க போயிடும். ஒண்ணு இவரு அந்த அம்மா வீட்டுக்குப் போவணும், இல்லாட்டி அந்த அம்மா இவரு வீட்டுக்கு வரணும்" என்றார் சிஃபா.

"நான் போவ மாட்டேன்" என்றார் எபினேசர்.

"நான் அனுப்ப மாட்டேன்" என்றார் சாலமோன்.

ஷிப்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு தெரு இன்னொரு தெருவைத் திட்ட வேண்டிய இடத்தில், இரண்டு தெருவும் சேர்ந்து இந்த இருவரையும் திட்ட ஆரம்பித்தன. கண்ணாடி உடைந்த நாளிலிருந்து அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேரி வீட்டை விட்டு வெளியே வந்தார். இடுப்பில் மாவுச் சட்டி இருந்தது.

"எங்க போற?" என்றார் சாலமோன்.

"எங்கண்ணன் ஊட்டுக்கு."

"இன்னா சொல்லிக்கீறேன் உன்கிட்ட?"

"சொன்னீங்க. இப்ப பஸ்ஸு போவணுமா, வேணாமா? அத்த ஊருக்கு முன்னால சொல்லுங்க. வேணாம்னா இப்படியே திரும்பிடறேன்."

சாலமோன் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. பஸ் தன் தெரு முனையில் நிற்க வேண்டும் என்று மண்டை உடைத்துக்கொண்டவர், பஸ்ஸே போக வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? நகர்ந்து வழிவிட்டார். எபினேசர் எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடினார். தங்கை வரும்போது தான் வாசலில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேரி நடந்தார். சிலை முதுகை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தது.

வாசலில் அண்ணனும் தங்கையும் எதிரெதிராக நின்றார்கள். எபினேசர் எதையோ பேச வந்து, "நாஷ்டா ஆச்சா?" என்று மட்டும் கேட்டார். "எங்க ஆவறது, என் கல்லுதான் உங்கிட்ட கீதே" என்று சொல்லி மேரி அழுதார். அண்ணி மோனிகா சட்டியை வாங்கிக்கொண்டு அவரை உள்ளே இழுத்துப் போனார். சிலை பின்பக்கம் சுற்றி வந்து, சமையல்கட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அடுப்பின் மேல் முகத்தைக் கிடையாக வைத்தது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மோனிகா ஹெல்மெட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மேரி வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டு, சிலையின் முகம் முழுக்கத் தேய்த்தார். வெயிலில் கிடந்து பழக்கம் விட்டுப்போன கல் என்பதால் முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது வட்டமாக வந்தது. அதற்குப் பிறகு கையை எடுக்க நேரமில்லை. ஷிப்டைத் தவறவிட்ட இரண்டு தெருவும் வீட்டைச் சுற்றி நின்றன, பஸ் ஓட்டுநரும் கிரேன்காரரும் கூட நின்றார்கள். வசந்தகுமார், சூடான பொருளுக்குக் கையுறை போடவில்லையே என்று ஆரம்பித்தார், கையில் தட்டைக் கொடுத்ததும் விட்டுவிட்டார்.

சாலமோன் மட்டும் தெருவிலேயே நின்றார். வாசனை அவர் வரைக்கும் போயிருந்தது. அத்தனை வருஷத்து அட்டைத் தோசை அவர் முகத்தில் தெரிந்தது. எபினேசர் முறுகலாக ஒன்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"உள்ள வா மச்சான்."

"உன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிக்கீறேன்."

எபினேசர் படியைப் பார்த்தார். "அத்த யாரு மிதிக்கச் சொன்னது? தாண்டி வா."

அந்தக் கனத்த உடம்போடு சாலமோன் வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு தாண்டு தாண்டினார். விழப்போனவரை எபினேசர் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை இருவரும் கொஞ்ச நேரம் விடவில்லை. "கடப்பாரைய நான் சொல்லிட்டுக் குட்த்திருக்கணும்" என்றார் சாலமோன். "கல்ல நானும்தான்" என்றார் எபினேசர். உள்ளே அடுப்பங்கரையில் அதைக் கேட்ட மேரி, கரண்டியைப் பிடித்தபடி வாய்விட்டு அழுதார். அந்த நேரத்தில் ஒரு தோசை தீய்ந்துபோனது.

பிரின்சியின் கல்யாணம் ஆரணியில் நடந்தது. எபினேசர் பட்டும் பழமுமாகச் சீர்த் தட்டுத் தூக்கி முன்னால் வந்தார். பெரிய அண்டாவையும் குத்துவிளக்கையும் சிலை தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆட்களை முறை கேட்டு உட்காரவைத்தபோது அதற்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், அது நின்றுகொண்டது. குடும்பப் படம் எடுக்கும்போது, பின்வரிசையில் உயரமாக இருக்கிறவரைக் கொஞ்சம் குனியச் சொன்னார் போட்டோக்காரர். சிலை குனிந்தது. அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்ற மேரி அழுதுகொண்டே சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததால், அந்தப் படத்தில் தெளிவாக விழுந்திருப்பது சிலையின் முகம்தான்.