இருவரும் ஒத்துப்போன நாள்

எங்கள் பிஎச்.டி. கைடுக்கு ஒரு வரையறை வேண்டும். ஏழு வருஷமாக வேண்டும்.

ஜெர்மன் மொழியில் சில தொடர்கள் உண்டு. பொருளையெல்லாம் பெயர்ச்சொல் சுமக்கும். வினைச்சொல் ஒப்புக்குக் கூட வரும். நாம் 'முடிவு எடுத்தான்' என்கிறோமே, கையை நீட்டியா எடுத்தான்? அவர்கள் முடிவைச் 'சந்திப்பார்கள்'. இந்த ரகத் தொடர் எது, சாதாரணத் தொடர் எது என்று நாலாயிரம் வாக்கியங்களைப் பிரிப்பதுதான் என் ஆய்வு. எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்த அக்காவுக்கும் அதே கைடு, அதே கதி. இருவரும் தனித்தனி அறையில், ஒருவரையொருவர் கேட்காமல் பிரிக்க வேண்டும். நூற்றுக்கு எண்பதாவது ஒத்துப்போனால்தான் கைடு எங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார்.

அறுபதைத் தாண்டியதே இல்லை. உடனே அவர் வரையறையைத் திருத்துவார். நாங்கள் முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பிப்போம். இரண்டாக இருந்த வகைகள் இப்போது பதினொன்று. கடைசி வகையின் பெயர் 'இதர'. பாதி ஜெர்மன் அதில்தான் கிடக்கிறது.

கணவர் வேலை மாறி, மகளோடு வேறு ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜூனுக்குள் வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, இப்ப எவ்வளவு?" நூற்றுக்கு எவ்வளவு என்றால் என்னவென்றே தெரியாத வயசு. போனை வைத்துவிட்டு அழுவேன்.

மார்ச்சில் ஒருநாள் கேன்டீனில் அக்கா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, பேசி வச்சுக்குவோம். சந்தேகமா இருக்கறதையெல்லாம் மூணாம் வகைல தள்ளிடு. நானும் தள்ளிடறேன்."

"திருட்டுத்தனம் இல்லையாக்கா?"

"ஒம்பது வருஷம் யோக்கியமா இருந்து என்னத்தக் கண்டேன்?"

தள்ளினோம். தொண்ணூற்று நாலு வந்தது.

கைடு தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"மூணாம் வகை இவ்வளவு பெருசா இருக்கும்னு நான் நெனச்சே பாக்கலம்மா." அவர் தாளைத் தடவிக் கொடுத்தார். "இத்தன வருஷமா நான் தேடினது இதத்தான். நாலாயிரத்தோட விட்டா பாவம், நாப்பதாயிரம் பண்ணுவோம். உங்க ரெண்டு பேருக்கு இருக்கற கண்ணு வேற யாருக்கு வரும்? அது முடியட்டும், சேத்தே கையெழுத்துப் போடறேன்."

பேனாவை மூடி வைத்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏழு வருஷமும் அக்காவுக்கு ஒன்பதும் குப்பைக்குப் போகும். இருந்தாலும் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அக்கா என் காலை நன்றாக மிதித்தார்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார் கைடு.

"எப்ப ஆரம்பிக்கலாம் சார்?" என்றேன்.