இருபத்தொன்பதுக்கு ஐந்து

நான்கு வருஷம் நான் வாங்கிய அடி ஒன்றுகூட என் பேரில் விழுந்ததில்லை. எல்லாம் ரோலி ஹக்கின்ஸ் பேரில்தான்.

ஹக்கின்ஸ், பர்டிக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் முரட்டு ஓட்டக்காரன். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே நிற்பவனை முட்டித் தள்ளி ஓடுவான். எங்கள் லாத்ரப் கல்லூரிக்கு நவம்பர் கடைசி ஆட்டம் எப்போதும் பர்டிக்கோடுதான். மற்ற ஆட்டங்களில் தோற்றால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பர்டிக்கிடம் தோற்றால் சாவு வீடு.

அதனால் எங்கள் கல்லூரியில் இரண்டாவது அணி ஒன்று உண்டு. அதற்கு வேலை பர்டிக்காக நடிப்பது. எங்கள் ஆள் ஒருவன் பர்டிக்கின் ஆட்டங்களைப் போய்ப் பார்த்து, யார் எங்கே நிற்கிறான், எப்படி முட்டுகிறான் என்று படம் போட்டுக் கொண்டுவருவான். நாங்கள் அதைப் பாடம் பண்ணி, பர்டிக்கின் அரக்குநிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தினமும் மாலை முதல் அணியின் முன்னால் போய் நிற்போம். அவர்கள் எங்களை அடித்துப் பழகுவார்கள். "ஹக்கின்ஸைக் கொல்லுடா!" என்று கத்திக்கொண்டு என் மேல் ஐந்து பேர் விழுவார்கள். இரண்டு பல் போயிற்று. ஒருமுறை தோள்பட்டை எலும்பு முறிந்தது. என் பெயர் கெரிட் பூர்ஸ்மா. செலரிக் கீரை பயிரிடுகிறவர் மகன் என்பதால் மைதானத்துக்கு வெளியே என்னைச் 'செலரி' என்பார்கள். கெரிட் என்று கூப்பிட்டவன் அந்தக் கல்லூரியில் ஒருவனும் இல்லை.

பிறகு ஏன் மானங்கெட்டுப் போய் நின்றேன்? ஸ்வெட்டருக்காக. பர்டிக் ஆட்டத்தில் ஒரு நிமிஷமாவது களத்தில் நின்றவனுக்குத்தான் லாத்ரப்பின் 'எல்' எழுத்து தைத்த ஸ்வெட்டர். நான்கு வருஷம் இரண்டாவது அணியில் உதை வாங்கியவனை, கடைசி ஆட்டம் கைக்கு வந்ததும் கேப்டன் சில நிமிஷம் உள்ளே விடுவான். இது எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். அதுவரை ஒருவனுக்கும் தவறியதில்லை.

1903இல் கேப்டன் வில்லர்ட் ஸ்டோடார்ட். காகித ஆலை முதலாளி மகன், ஆள் கதவு மாதிரி இருப்பான். செப்டம்பரில் என் தோளில் கை போட்டு, "செலரி, இந்த வருஷம் உனக்கு நிச்சயம் உண்டுடா. உங்கப்பாவ வரச் சொல்லி எழுது" என்றான். எழுதினேன்.

அக்டோபரில் அவனுக்கு ஒரு நல்லது செய்யப் போனேன். உள்பக்கம் பாயப் போகிறான் என்றால் ஸ்டோடார்ட் இடது காலை ஒரு சாண் பின்னால் வைப்பான். தினமும் அவன் முழங்காலுக்கு எதிரே மூக்கை வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு அது தெரியாதா?

"வில்லர்ட், உன் இடது கால் உன்னைக் காட்டிக் குடுக்குது. வேற எவனாவது கண்டுபிடிச்சான்னா வெளிப்பக்கமா ஓடிருவான்" என்றேன்.

"செலரி, அடிச்சா விழறதுதான் உன் வேலை. எனக்குப் பாடம் எடுக்கறது இல்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்த வருஷம் எட்டு ஆட்டம் ஜெயித்தோம். எட்டிலும் எதிரிக்கு சைபர். அதற்குப் பிறகு ஊருக்கே சைபர் பைத்தியம் பிடித்தது. முடிதிருத்தும் கடையில் சைபர், காலைப் பிரார்த்தனையில் கல்லூரித் தலைவரின் வாயிலும் சைபர். கடைசி ஆட்டத்தன்று காலையில் அணியின் செயலாளர் ஃபென் ஒரு பந்தில் வெள்ளைப் பெயிண்டால் எட்டு ஆட்டக் கணக்கையும் எழுதி, ஒன்பதாவது வரியில் பர்டிக் பெயருக்கு நேரே சைபரையும் முன்கூட்டியே போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்த கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பந்தை வைத்துப் படம் எடுக்கவேண்டுமாம். அந்தத் திமிரைப் பாருங்கள்.

அப்பா ரயிலில் வந்தார். அணிக்கு என்று ஒரு பெட்டி செலரி கொண்டுவந்திருந்தார். வெள்ளை வெளேரென்று தண்டு, நகத்தால் கீறினால் ஒடியும்.

"நீ எப்ப இறங்குவ?" என்றார்.

"கடைசியிலப்பா. கேப்டன் சொல்லிருக்கான்."

"அப்ப நான் கயித்துக்கிட்டயே நிக்கறேன். முன்னாடி ஆள் நின்னா மறைக்கும்."

இரண்டாம் பாதியில் இருபத்தொன்பதுக்கு சைபர். இன்னும் பதினைந்து நிமிஷம். நான் போர்வையைக் கழற்றினேன். களத்துக்குள் ஆளை மாற்றுவது கேப்டன் கையில்தான். பயிற்சியாளர் வெளியிலிருந்து வாயே திறக்கக்கூடாது. களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் போய் "வில்லர்ட்!" என்றேன். பொறு என்று கையைக் காட்டினான். பத்து நிமிஷம் இருந்தபோது மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை பக்கத்தில் வந்தான்.

"இன்னிக்கு முடியாதுடா."

"இருபத்தொம்பது புள்ளி முன்னால இருக்கோம்!"

"சைபர் இருக்குல்ல. உன்ன உள்ள விட்டு ஒரு ஓட்டை விழுந்துதுன்னா? வருஷம் பூரா உழைச்சது போயிரும்."

"நானும் நாலு வருஷம் உழைச்சேன், வில்லர்ட். எங்கப்பா வந்துருக்கார்."

"பார்த்தேனே. செலரி ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லு" என்று திரும்பிப் போய்விட்டான்.

அப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போர்வையை எடுத்து மறுபடியும் போர்த்திக்கொண்டேன்.

ஆறு நிமிஷம் இருக்கும்போது நிஜ ஹக்கின்ஸின் கணுக்கால் போயிற்று. பர்டிக் பதின்மூன்று பேரோடு வந்திருந்தது; இரண்டு பேர் ஏற்கெனவே அடிபட்டு, அவர்கள் வந்த வண்டியில் கிடந்தார்கள். களத்தில் பதினொரு பேர் வேண்டும். அவர்கள் கேப்டன் டோலன் எங்கள் பக்கம் வந்து, ஆட்டத்தை முடிக்க ஓர் ஆள் கடனாகத் தரமுடியுமா என்று கேட்டான். அந்தக் காலத்தில் சின்னக் கல்லூரிகளுக்குள் இப்படி ஆள் கொடுப்பது உண்டு. மறுத்தால் மரியாதைக் குறைவு.

ஸ்டோடார்டுக்கு அப்போதுதான் வேடிக்கை பிடிபட்டது. "நம்ம செலரியக் கூட்டிட்டுப் போ! நாலு வருஷமா உங்க ஹக்கின்ஸ்தான் இவன். சட்டைகூட ரெடியா வச்சிருக்கான்!"

பதினொரு பேரும் சிரித்தார்கள். நான் அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "இது கணக்குல வருமா? ஸ்வெட்டர் உண்டா?"

"பர்டிக்குக்கு ஆடினா பர்டிக்கிட்ட போய்க் கேளு. இந்தா பாரு, போய் சும்மா நில்லு. அடிச்சா விழு. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

அரக்குநிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். டோலன் பரிதாபமாக, "எங்க ஆட்டம் உனக்கு எதாவது தெரியுமாப்பா?" என்றான்.

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் முகம் சிவந்தது. "திருட்டுப் பசங்களா, எங்களப் பூராவும் படிச்சு வச்சிருக்கீங்களா?"

"திட்டறத அப்புறம் வச்சுக்கோ. பந்து என் கைக்கு வரட்டும். ஸ்டோடார்டோட இடது கால் பின்னால போனா வெளிப்பக்கம். போகலேன்னா உள்பக்கம்."

முதல் தடவை கால் நகரவில்லை. உள்பக்கமாக நான்கு கஜம் முட்டிப் போனேன். என் மேல் விழுந்த ஸ்டோடார்ட் காதருகில், "என்னடா பண்ற?" என்று உறுமினான். இரண்டாவது தடவை எழுந்து நின்றேன். குனிந்தான். இடது கால் ஒரு சாண் பின்னால் போயிற்று. அக்டோபரில் நான் சொன்ன அதே கால், அதே சாண்.

வெளிப்பக்கமாக ஓடினேன். பின்னால் இருந்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் என்னை எப்போதும் இடுப்புக்கு மேலேதான் பிடிப்பான், அவனைக் குனிந்து கடந்தேன். இன்னொருவனுக்கு வலது தோளில் வலி, அந்தப் பக்கமே போனேன். அவர்கள் என்னை அடித்த ஒவ்வொரு மாலையும் அவர்களை நான் படித்திருக்கிறேன். அவர்கள் ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தேன்.

அப்படி வைத்தால் அந்தக் காலத்தில் ஐந்து புள்ளி. அதற்குப் பிறகு கூடுதலாக ஒரு புள்ளிக்கு உதைக்க வேண்டியதை டோலன் கோணலாக உதைத்தான். இருபத்தொன்பதுக்கு ஐந்தில் ஆட்டம் முடிந்தது. நம்பமாட்டீர்கள், எங்கள் பக்கம் ஜெயித்தவர்கள் அழுதார்கள்.

ஸ்டோடார்ட் நடுவரிடம் ஓடினான். "அவன் எங்க ஆள் சார். அவன் போட்டது எப்படி பர்டிக் கணக்குல வரும்?"

நான் குறுக்கே போனேன். "நான் உங்க ஆள்னா இந்த ஆட்டத்துல ஆடியிருக்கேன். ஸ்வெட்டரக் குடு. பர்டிக் ஆள்னா அஞ்சு அவங்களுக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நடுவர் ஐந்தும் பர்டிக்குக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ஓடி வரும் வழியில் பக்கக் கோட்டுக்கு வெளியே மிதித்தாயா என்று மட்டும் என்னைக் கேட்டார். மிதித்திருந்தால் அந்த ஐந்து செல்லாது. நான் பதில் சொல்வதற்குள் ஸ்டோடார்ட் என் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனான். அங்கே ஃபென் பந்தோடும் பெயிண்ட் டப்பாவோடும் விழித்துக்கொண்டு நின்றான்.

"கெரிட்," என்றான் ஸ்டோடார்ட். நான்கு வருஷத்தில் முதல் தடவை. "கால் கோட்டுக்கு வெளியே பட்டுதுன்னு சொல்லிடு. அவ்வளவுதான். ஸ்வெட்டர் உனக்கு. இப்பவே, உங்கப்பா முன்னாடியே என்னுத கழட்டித் தர்றேன்."

உண்மையிலேயே கழற்றத் தொடங்கினான். நான் ஆசைப்பட்ட அதே ஸ்வெட்டர். வேண்டாம் என்றா இருந்தது எனக்கு? வேண்டும் என்று உடம்பு பூராவும் துடித்தது. கயிற்றோரம் அப்பா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து அவன் காலைப் பார்த்தேன். இடது கால் ஒரு சாண் பின்னால் இருந்தது, பாயப் போகிறபோது வைப்பானே, அதே மாதிரி.

ஃபென்னின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கினேன். ஈர வெள்ளையால் அந்த சைபர் மேலேயே ஐந்து போட்டேன். அவசரத்தில் கோணலாகத்தான் வந்தது. அன்று எடுத்த அணிப் படத்தில் ஸ்டோடார்டின் மடியில் பந்து இருக்கிறது. ஐந்து வழிந்து, உள்ளே சைபரின் வயிறும் தெரிகிறது. படத்தில் நான் இல்லை.

நடுவரிடம் போய், "கோட்ட மிதிக்கல சார்" என்றேன்.

அப்பா கயிற்றைத் தூக்கி என்னை வெளியே விட்டார். என் அரக்குநிறச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டா, நீ எந்தப் பக்கம்?"

"அந்த அஞ்சு என்னுதுப்பா."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஸ்டோடார்டின் ஆட்கள் நடுவே போய், மிச்சமிருந்த செலரிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பர்டிக் வண்டியை நோக்கி நடந்தார்.