பின்பக்கம் ஓடிய ரூட்டர்

"கதவுச் சட்டத்துக்கெல்லாம் இன்னிக்கு நீ துளை போடு மாப்ள. கச்சிதமா வந்தா புதுப் பட்டறையும் மேல இருக்கிற வீடும் உனக்கு. சொதப்பினா பழையபடி துடைப்பம்தான்."

பெண்டாட்டி பிறந்த வீட்டில் சாப்பிட்டு, அவர்களுடைய தச்சுப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக் கூனிக் குறுகிப் போனவனிடம் மச்சான் இப்படிச் சொன்னால்? மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

மரத்தில் துளை குடையும் மெஷினான ரூட்டரின் கைடு, அதாவது அணைப்புத் தகடு, சட்டத்தின் முன்பக்கத்தை ஒட்டியே போக வேண்டும். அப்போதுதான் துளை சரியான இடத்தில் விழும். ஆனால் முன்பக்கத்தில் மச்சான் ஏற்கெனவே அழகாக வரி இழைத்திருந்தான். கீறல் விழுந்தால் தொலைத்துவிடுவானே! பயந்தாங்கொள்ளி, கைடைப் பின்பக்கம் வைத்துப் பிடித்தான். ரூட்டர் வழுக்கிக்கொண்டு ஓடியது.

முதல் துளையை எட்டிப் பார்த்த மச்சான், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அடடா, என்ன கை மாப்ள! நிறுத்தாத, அப்படியே போ!"

பாவி மனிதன் பூரித்துப் போனான்.

டீ கொண்டுவந்த மனைவி ஒரு சட்டத்தின் தூளை ஊதிவிட்டுத் துளையை விரலால் தடவினாள். மரத்தூளிலேயே வளர்ந்தவள் அவள். டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

சாயங்காலம் மச்சான் எல்லாரையும் கூப்பிட்டு, குறுக்குச் சட்டத்தைத் துளையில் பொருத்தித் தட்டினான். பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். பட்டறையே சிரித்தது.

"எல்லாமே பின்பக்கம்! அடுப்பெரிக்கத்தான் ஆகும்."

"முதல் துளையிலேயே தெரிஞ்சிருக்குமே மச்சான், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கத்துக்குவியே."

சிரிக்காமல் நின்றவள் மனைவி ஒருத்திதான். மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினான். "நீ பார்த்தியே, உனக்குமா தெரியல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா சொல்லல? தனி வீடு நம்ம கையில இருந்துச்சே!"

"அதனாலதாங்க சொல்லல. அங்க போனா உங்ககூடத் தனியா இருக்கணும். இங்கன்னா நாலு பேரு இருக்காங்க, எப்படியோ பொழுது போகுது."

மச்சானுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துவந்து புருஷன் கையில் கொடுத்தாள். "தூள் வீட்டுக்குள்ள வராமக் கூட்டுங்க."