சார் தட்டிய எண்டர்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் கண்காணிப்பாளருக்கு இருந்த ஒரே வேலை எண்டர் தட்டுவது. விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது கிளார்க்கம்மா. அனுப்பும் அதிகாரம் மட்டும் சாருக்கு. அவள் எழுந்து நிற்பாள். சார் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஆட்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டுவார். பிறகு மலையைப் புரட்டிப் போட்டவர் மாதிரி தன் நாற்காலிக்குத் திரும்புவார். பதினோரு வருஷமாக இதே கதைதான்.

அன்று திரையில் இருந்தது கிளார்க்கம்மாவின் சொந்த மனு. கணவனும் மகளும் இரண்டு வருஷமாக வேறு ஊரில். அங்கே மாற்றல் கேட்டிருந்தாள். ஐந்து மணிக்குள் மனு போகாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

சார் நாலரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். தட்டத்தான் கை வரவில்லை. இவள் போனால் ஆபீஸ் நாறிப்போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது பாதிப் பொய். அவள் இல்லாத ஆபீஸை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது, அதுதான் நிஜம். கீபோர்டை ஊதினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் ஊதினார்.

கிளார்க்கம்மாவின் போன் அடித்தது. மகள்தான்.

“இன்னும் இல்லடி. சார் நல்லவரு, தட்டிடுவாரு.”

நல்லவர் என்று சொன்ன பிறகு மனுஷன் என்னதான் செய்வான்? நாலு ஐம்பத்தாறுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிவிட்டு எழுந்தார்.

“போயிடாதீங்க சார். இன்னொரு தடவை தட்டணும்.”

திரையில் சின்னதாக ஒரு பெட்டி. நிச்சயமாக அனுப்பலாமா என்று கேட்டது.

“இது என்னம்மா புதுசா?”

“புதுசில்ல சார். எப்பவும் வரும். நீங்க எழுந்து போனதும் நான் தட்டிடுவேன்.”

“பதினோரு வருஷமாவா?”

“உங்களை எதுக்கு ரெண்டு தடவை தொந்தரவு பண்ணணும்னுதான். ஆனா இது என் மனு. நானே தட்டினா நல்லா இருக்காது.”

சாருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆக, இத்தனை நாளில் அவர் எதையும் அனுப்பியதே இல்லை. கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். மணி நாலு ஐம்பத்தெட்டு. கோபத்துக்கு நேரமில்லை.

மறுபடி உட்கார்ந்து தட்டினார். பெட்டி மறைந்தது.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு சார்.”

முதல் முறையாக அவரே ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதுவும் அவளை.

“அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிட்டுப் போம்மா,” என்றார் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டாவதையும் நானே தட்டிக்கிறேன்.”