நூற்று அறுபது பேருக்கு உப்பு

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் அம்மாவிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“கேம்ப்ல நீ சமைக்கவே கூடாது. கரண்டியைத் தொடவே கூடாது. சத்தியமா சொல்லு.”

“சத்தியமாடி. லீவுக்குப் போற இடத்துலயும் அடுப்படியில நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?” என்றாள் அம்மா.

பெற்ற தாயிடம் பன்னிரண்டு வயசுப் பிள்ளை இப்படியா பேசுவது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அம்மா சமைக்கத் தெரியாதவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல்கூடமே அவள் கையில்தான் இருக்கிறது. தினமும் நானூறு பேர். நோயாளிகள், அவர்களுக்குத் துணையாக இருப்பவர்கள், ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ்கள் என்று எல்லாருக்கும் அவள் மாஸ்டரம்மா. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டரே மத்தியானம் தட்டோடு வந்து, “மாஸ்டரம்மா, இன்னும் ஒரு கரண்டி” என்று பல்லைக் காட்டுவார்.

வீட்டில்தான் வண்டி குடை சாயும். நானூறு பேருக்குப் பழகிய கை மூன்று பேருக்குச் சமைக்க வராது. அவளுக்கு அளவு என்றால் பிடிதான். அண்டாவைப் பார்த்ததும் கை தானாக அள்ளும், தானாக நிற்கும். மூன்று பேருக்கு ஒரு சிட்டிகை என்றால் மட்டும் மனசு ஆறாது. இத்துனூண்டு எந்த மூலைக்கு என்று இன்னொரு சிட்டிகை, சந்தேகத்துக்கு ஒன்று, போனால் போகிறதென்று மேலே ஒன்று. அப்புறம் அதை வாயில் வைக்க முடியாது. அதனால் வீட்டுச் சமையல் கணவர் பொறுப்பு. அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். நாள் முழுக்க இடுக்கியால் திருகாணி பொறுக்குகிற மனுஷனுக்கு ஒரு சிட்டிகையே தாராளம்.

கணவர் காய்ச்சலில் படுத்த ஒரே ஒரு நாள், மகளுக்கு மதியச் சாப்பாட்டை மாஸ்டரம்மா கட்டிக் கொடுத்தாள். மகள் அதை வகுப்பில் நாலு பேருக்குப் பங்கு வைத்தாள். நாலு பேரும் குழாயடிக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து மகளுக்கு ‘உப்பு மூட்டை’ என்று பெயர். இரண்டு வருஷமாகியும் அது போகவில்லை. இந்த லீவில் கூட வருவதோ கணவரின் நண்பர் எலக்ட்ரீஷியன் குடும்பம். அவர் மனைவி ஒரு டீச்சர். அவர்களுடைய மூத்த பெண் மகளின் வகுப்பிலேயே படிக்கிறாள். போதாதா?

கடற்கரை முகாமில் முப்பது நாற்பது கூடாரங்கள். காலையும் மாலையும் பொதுச் சமையலறையில் சாப்பாடு, மத்தியானம் மட்டும் அவரவர் ஸ்டவ்வில் அவரவர் பாடு. மூன்று நாளைக்கும் யார் என்ன சமைப்பது என்று டீச்சர் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். அந்தக் கட்டங்களில் மாஸ்டரம்மாவின் பெயர் வராதபடி மகள் முன்கூட்டியே ஆன்ட்டியிடம் பேசி முடித்திருந்தாள்.

முதல் நாள் மத்தியானமே கட்டம் கலைந்தது. வேனில் வந்த களைப்பில் டீச்சருக்குத் தலை சுற்றி, வந்ததும் படுத்துவிட்டார். எலக்ட்ரீஷியனும் கணவரும் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையை அடித்தால் இன்னொரு மூலை பிடுங்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் மூன்றும் பசி பசி என்று சிணுங்கின. மாஸ்டரம்மா எவ்வளவு நேரம்தான் கையைக் கட்டிக்கொண்டிருப்பாள்? ஏழு பேருக்கு உருளைக்கிழங்கு சூப்தானே, இதில் என்ன கெட்டுவிடும் என்று மகள் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். உப்பை இரண்டு விரலால்தான் எடுத்தாள். எத்தனை தடவை எடுத்தாள் என்பதுதான் விஷயம்.

எலக்ட்ரீஷியன் முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார். “பரவாயில்ல அண்ணி, கொஞ்சம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்” என்றார். அவருடைய மகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. மணலில் துப்பிவிட்டு, “இதனாலதான் அந்தப் பேரா!” என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மகள் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள். மாஸ்டரம்மா பின்னாலேயே போனாள்.

“சத்தியம் பண்ணின.”

“பசிக்குதுன்னு சொன்னீங்களேடி...”

“என்கிட்டப் பேசாத. அவங்க முன்னாடி என் அம்மான்னு சொல்லிக்கவே எனக்கு அசிங்கமா இருக்கு.”

அது சுருக்கென்று தைத்தது. நானூறு பேர் கும்பிடுகிற கைதான் இது, பெற்ற பிள்ளை ஒரு வாய் வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்கிறாளே என்று பொருமிக்கொண்டே மாஸ்டரம்மா வெளியே போய் மிச்ச சூப்பை மணலில் கொட்டினாள். மகள் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. காலையில் எழுந்து பார்த்தால் முகாமுக்கு வரும் ரோட்டைக் காணோம். குறுக்கே ஓடும் ஓடை பெருகி, ரோட்டை முழுங்கிவிட்டது. ராத்திரி வீட்டுக்குப் போயிருந்த சமையல்காரர்கள் நாலு பேரும் அந்தக் கரையில் நின்று கையை ஆட்டினார்கள். மளிகையெல்லாம் இந்தக் கரையில் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருந்தது. நேற்று மிஞ்சியிருந்த ரொட்டியும் பாலும் எட்டு மணிக்கே தீர்ந்துபோயின. பத்து மணிக்குப் பிள்ளைகளின் அழுகை கடல் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

முகாம் மேனேஜர் ஒல்லியான இளவட்டம். சமையலறை வாசலில் நின்று கையைப் பிசைந்தார். “தண்ணி வடிய சாயங்காலம் ஆயிடுமாம். மொத்தம் நூத்தி அறுபது பேர் இருக்கீங்க. யாருக்காவது சமைக்கத் தெரியுமா?”

சமைக்கத் தெரியாதவர் யார்? எல்லாருக்கும் தெரியும், நாலு பேருக்கு. ஒருவர் நாற்பது ஸ்டவ்வில் தனித்தனியாகச் செய்யலாம் என்றார். ராத்திரி மழையில் நனைந்து பாதி ஸ்டவ் பற்றவேயில்லை என்றார் இன்னொருவர். டீச்சர் பேனாவை எடுத்து, நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி என்றால் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அரிசி வரைக்கும் கணக்கு ஒழுங்காகப் போனது. உப்பு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து மாஸ்டரம்மா எட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பெரிய அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. ஆனால் சத்தியம் இருக்கிறதே. நேராக மகளிடம் போனாள்.

“நூத்தி அறுபது பேர்டி. இது என் அளவு. நீ சரின்னு சொன்னாத்தான் உள்ள போவேன்.”

மகள் வேகமாகத் தலையை ஆட்டினாள். “வேண்டாம்மா, ப்ளீஸ். நேத்து ஏழு பேருக்கே வாயில வைக்க முடியல. நூத்தி அறுபது பேரும் துப்பினா?”

“துப்பினா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

“ரோடே இல்லையேம்மா!”

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கைக்குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. கணவர் மகளின் தோளில் கை வைத்தார். “உங்கம்மா வேலை செய்றத நீ பார்த்ததே இல்லைல்ல? நான் பார்த்திருக்கேன். விடு.”

மகள் கடலைப் பார்த்தாள், குழந்தையின் அழுகையைக் கேட்டாள். கடைசியில், “என்னமோ பண்ணு” என்று முணுமுணுத்தாள்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாஸ்டரம்மா உள்ளே நுழைந்தாள். நேற்று மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் வேறு, இவள் வேறு.

“மேனேஜர் தம்பி, கையைப் பிசைஞ்சது போதும், அரிசி மூட்டையைப் பிரிங்க. டீச்சரம்மா, வெட்டத் தெரிஞ்சவங்க பத்து பேரைக் கூட்டிட்டு வாங்க. கேரட் விரல் நீளம், அதுக்கு மேல ஒரு நூல் கூடக் கூடாது. ஏங்க, நீங்க பருப்புல கல் பாருங்க, திருகாணி பொறுக்குற கண்ணுக்கு அதுதான் வேலை. தம்பி எலக்ட்ரீஷியன், அந்தப் பெரிய பர்னர் ஏன் எரியல?”

ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். எலக்ட்ரீஷியன் அடைப்பெடுத்த பர்னர் குப்பென்று பிடித்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அண்டாவைக் கிளற நீளக் கரண்டி இல்லை. தலைமைச் சமையல்காரர் அதைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவாராம். மாஸ்டரம்மாவுக்கு அதில் கோபமே வரவில்லை, அவளும் அப்படித்தான், தன் கரண்டியை ஒருத்தரையும் தொட விடமாட்டாள். வெளியே எட்டிப் பார்த்தாள். கரையில் படகுகள் நின்றிருந்தன. “ஒரு புதுத் துடுப்பா பார்த்துக் கொண்டு வாங்க” என்றாள். மரத் துடுப்பு ஒன்று வந்தது. அதைச் சோப்பில் தேய்த்து, மூன்று தடவை கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி அண்டாவில் இறக்கினாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

அரிசியும் பருப்பும் காயும் இரண்டு அண்டாவிலும் ஒன்றாகக் கொதித்துக் குழையத் தொடங்கின. மாஸ்டரம்மா உப்பு டப்பாவை இழுத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் குடும்பம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மகள் வாசலில் நின்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

ஒரு பிடி. இரண்டு. மூன்று. நாலாவது பிடியில் கொஞ்சத்தைத் திரும்ப டப்பாவிலேயே உதறிவிட்டுப் போட்டாள். அடுத்த அண்டாவுக்கும் அப்படியே. இன்னும் ஒன்று போடட்டுமா என்று மனசு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ருசி பார்க்கவும் இல்லை. துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, ஆவியை முகர்ந்துவிட்டு, “தீயைக் குறைங்க” என்றாள்.

பதினைந்து நிமிஷம் கழித்து ஒரு கிண்ணத்தை டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் நேற்றைய ஞாபகத்தில் ஸ்பூன் நுனியில் எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். அப்புறம் ஒரு முழு ஸ்பூன். அப்புறம் திரும்பி நின்றுகொண்டு கிண்ணத்தையே காலி பண்ணினார்.

“எப்படிக்கா?” என்றார் கடைசியில். “நேத்து சூப் வெச்சதும் இதே கையா?”

“அது ஏழு பேருக்கும்மா. அந்த வித்தை எனக்கு வராது” என்றாள் மாஸ்டரம்மா. சொல்லும்போது கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

வரிசை சமையலறையிலிருந்து கடல் நுரை வரைக்கும் நீண்டது. அவள் முகங்களைப் பார்க்கவில்லை. தட்டு, கரண்டி, அடுத்த தட்டு. முதலில் பிள்ளைகள், அப்புறம் வயசானவர்கள், அப்புறம் மற்றவர்கள். முகாம் முழுக்க ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு முதலில் வாங்கியவர்கள் திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்கள். மேனேஜர் மூன்றாம் தடவை வந்தபோது எல்லாரும் சேர்ந்து அவரை விரட்டினார்கள். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தன் பிள்ளை தட்டை வழித்துத் தின்றான் என்று ஒரு தாய் வந்து மாஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ கைதட்டினார்கள். அது கூடாரம் கூடாரமாகப் பரவியது. அந்தக் கரையில் நின்ற சமையல்காரர்கள் கூட, என்ன ஏதென்று தெரியாமல் தட்டினார்கள்.

மாஸ்டரம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பரிமாறி ஓய்ந்து நிமிர்ந்தபோது, அவள் கண் தேடிய மகளை மட்டும் காணவில்லை. தட்டுகளை நீட்டிய கைகளில் அந்தக் கை வந்ததா, வரவேயில்லையா, அதுவும் தெரியவில்லை. கேட்கவும் பயம். அண்டா அடி தெரிய ஆரம்பித்தது. ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து மூடி, ஓரமாக வைத்தாள்.

அப்போதுதான் சமையலறைக் கதவில் தடதடவென்று சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நடுவில் மகள். கன்னத்தில் ஒட்டியிருந்த பருக்கையைக்கூடத் துடைக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் எலக்ட்ரீஷியனின் மகள், கையில் வழித்த தட்டு.

“அம்மா, இங்க வா.”

“சாப்பிட்டியாடி?”

“ரெண்டு தடவை வாங்கினேன், நீதான் நிமிர்ந்தே பார்க்கல. அதை விடு. இவங்க யாரும் நம்ப மாட்டேங்கிறாங்கம்மா. நான் சும்மா பெருமையடிச்சுக்கிறேன்னு சொல்றாங்க.” மகள் எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் நிறுத்தினாள். “நீயே சொல்லு. நீ என் அம்மாதானே?”

நூற்று அறுபது பேரின் பசியை ஆற்றிய மாஸ்டரம்மாவுக்குக் கண் தளும்பிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

“பார்த்தீங்களா!” என்று மகள் கத்திய கத்தலில், கரையில் நடந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.