ஒட்டடைக்குச்சிக்கு ஒரு குறை தேவை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் நட்பினால் ஆரம்பிக்கவில்லை, கடுப்பினால் ஆரம்பித்தேன். என் சிநேகிதன் ஒட்டடைக்குச்சியை (பெயர் ஒன்றாம் வகுப்பில் நான் வைத்தது, உயரம் பிறகு வந்து சேர்ந்தது) ஊரே புகழ்கிறது. ஐம்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எழுதியாவது தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது:

மனைவியை இழந்த அந்த மனிதனின் நெஞ்சில் இருள் சூழ்ந்து—

வேண்டாம். அவன் லிஃப்ட் மெக்கானிக். படித்தால், "எந்த ஃப்யூஸ் போச்சு?" என்பான்.

2

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் அவன் மனைவி இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்த சலவைக்காரர், அதற்கு முந்தைய மாதம்தான் அண்ணனைப் பறிகொடுத்தவர், வாசலிலேயே உடைந்து அழுதுவிட்டார். ஒட்டடை எழுந்துபோய் அவரை உட்காரவைத்தான், தண்ணீர் கொடுத்தான், அவர் அண்ணனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டான். ஆறுதல் சொல்ல வந்தவர் ஆறுதலை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சலவைக்காரரும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறார். ஒட்டடையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம்.

(ஒட்டடை அழுததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நான் உட்பட.)

3

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவனை நீங்கள் நம்புவீர்களா? ஆகவே அவன் வாயில் ஒரு சுருட்டைச் செருகினேன். படித்துக் காட்டியதும் குதித்தான்.

"டேய், நான் என்னைக்குடா சுருட்டு குடிச்சேன்?"

"கதைக்கு ஒரு குறை வேணும்பா. இல்லேன்னா வாசகர் கொட்டாவி விடுவாரு."

"குறைதானே? என் பாட்டைப் போடு."

நியாயம். அவன் சாமி பாட்டு பாடினால் மாடியில் காயும் துணி தானாகக் கீழே விழும்.* சுருட்டை எடுத்துவிட்டேன்.

* ஒரு தடவை விழுந்தது. காற்று என்றார்கள். எனக்குத் தெரியும்.

4

இனிக் கதை.

எங்கள் தெரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் போஸ்ட் ஆபீஸ் அக்கா இருக்கிறார். ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் அவர் கணவரை லிஃப்டில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அக்காவுக்கு அதன்பின் அந்த லிஃப்ட் ஆகாது, படியில் இறங்க முட்டியும் ஆகாது. எட்டு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒட்டடை வேலை முடிந்ததும் தினமும் பத்து நிமிஷம் அங்கே போய் உட்காருவான். போன செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன்.

"தெருவைப் பாக்கணும்போல இருக்கு தம்பி," என்றார் அக்கா திடீரென்று.

"வாங்கக்கா. நானே செக் பண்ணின லிஃப்ட். நான் கேரண்டி."

மூன்று பேரும் ஏறினோம். நான்காவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

கேரண்டி தலையைச் சொறிந்தான். கருவிப் பெட்டி கீழே வாட்ச்மேனிடம் இருந்தது. நான் அபாய மணியை அழுத்தினேன். ஒரு நிமிஷத்தில் ஒட்டடையின் பாக்கெட்டில் போன் அடித்தது. வாட்ச்மேன், பதற்றத்தில்.

"ஹலோ, லிஃப்ட் மெக்கானிக்குங்களா? இங்க ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. உடனே வாங்க சார்!"

"நான் ஏற்கெனவே வந்துட்டேன்யா."

"எங்க சார் இருக்கீங்க?"

"உள்ள!"

அக்காவிடமிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய்த் திரும்பினேன். சிரிப்பு! கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அப்படியே அது அழுகையானது. "இதுலதான் தம்பி போனாரு. இதே இடத்துல நின்னு, கேஸை அணைச்சியான்னு கேட்டாரு."

ஒட்டடை தன் கைக்குட்டையை நீட்டினான்.

"எம்பொண்டாட்டி இருந்திருந்தா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பாக்கா," என்றான். அவ்வளவு நீளமான மனிதன் அந்தச் சின்னப் பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து அழுததை அன்றுதான் பார்த்தேன்.

யாராவது அழுதால் நான் வழக்கமாக உளறுவேன். "உனக்குச் சாமி மேல கோபமே வரலையாடா?"

"வராம? பயங்கரக் கோபம். அதுக்காகப் பேசாம இருந்துட முடியுமா? நீ எங்கிட்ட எத்தனை தடவை மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுப் போயிருக்கே, நான் வந்து கதவைத் தட்டலை? அவர்கிட்டயும் தட்டிட்டேதான் இருக்கேன்."

மூக்கை உறிஞ்சிவிட்டுப் பாட ஆரம்பித்தான்.

"தம்பி, நல்லா இருப்பே, நிறுத்து," என்றார் அக்கா. "இருக்கிற கயிறும் அறுந்துடும்."

லிஃப்ட் நகர்ந்தது.

5

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சாமி நகர்த்தினார் என்கிறான் ஒட்டடை. மெயின் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டது நான்தான் என்கிறார் வாட்ச்மேன். பாட்டுக்குப் பயந்து லிஃப்டே ஓடியது என்பது என் கட்சி. மூன்றையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் கதவு திறந்ததும் அக்கா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல், எங்களைத் திரும்பியும் பார்க்காமல், விடுவிடுவென்று தெருவில் இறங்கிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். ஒட்டடையின் கைக்குட்டை முழுக்க கிரீஸ். அக்காவின் மூக்கும் இரண்டு கன்னமும் கன்னங்கரேல்.

"ஓடிப்போய்ச் சொல்லுடா," என்றேன்.

"சொன்னா திரும்பிப் போயிடுவாங்கடா. எட்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வெளியே வந்திருக்காங்க. நீ சொல்லு பாப்போம்."

எனக்கும் தைரியம் இல்லை. அக்கா நடந்துகொண்டே இருக்கிறார், ஒவ்வொரு கடையாக நின்று பார்த்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பும் கிரீஸுமாக. நீங்கள் எதிரே வந்துகொண்டிருக்கிறீர்கள். இதோ, உங்களைப் பார்த்துவிட்டார்.

என்ன சொல்லப்போகிறீர்கள்?